ஒருத்தன் போதும் என்றேன்

அனுமந்தன்பட்டி செல்போன் டவரில் முறை வைத்து ஜெனரேட்டர் பார்த்தது முத்தையாண்ணன், செல்வம், காசி, நான் என்று நாலு பேர். அன்று சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் டவரடிக்கு வந்தார். போன் கம்பெனிகளுக்குச் செலவு குறைக்க யோசனை சொல்வதுதான் அவர் தொழில்.

"ஜெனரேட்டர் பார்க்க எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டார்.

கெட்டிக்காரன் என்று காட்டும் ஆசை. "நான் ஒருத்தன் போதும் சார்" என்றேன். முத்தையாண்ணன் என் காலை மிதித்தார். ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் மற்றவர்களை நிறுத்திவிட்டார்கள். முத்தையாண்ணன் சாவியை என் கையில் திணித்தார்.

"ஏலே, ஒருத்தன் போதும்னியே. இனி நல்லது கெட்டதுக்குக்கூட வெளிய வர முடியாதுடா."

அப்படியே ஆனது. மாற்றிவிட ஆளில்லை. தங்கச்சி கல்யாண மேளத்தைக் கம்பிவேலிக்குள் நின்றுதான் கேட்டேன். ஆலோசகர் மேல் கோபமில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன்.

வேலிக்கு வெளியே போனவர்கள் மூன்று பேர். உள்ளே ஒருவன்.