ஒரு வரி விடாத வாசகர்

அடிக்குறிப்பு அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது அலுவலகம்தான். எதை எழுதினாலும் அடியில் சின்ன எழுத்தில் நாலு வரி சேர்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பத்தொன்பது வருடம் மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கையேடு எழுதியவர். அவற்றை மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பாதிப் பேர் பிரித்ததே இல்லை. மீதிப் பேர் ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவு ஏன், கூடவே வசிக்கும் சொந்த அண்ணன், தங்கை எழுதிய கையேட்டின் மேல் சுடச்சுடப் பாத்திரத்தை இறக்கி வைத்தவர். "நல்லா சூடு தாங்குது பாப்பா" என்று பாராட்டு வேறு.

ஐம்பது வயதில் அக்கா வேறு வேலைக்குப் போனார். பல் டாக்டர் ஒருவரின் மாடியில் நாலே பேர் நடத்தும் கம்பெனி. கீழே பல்லைக் குடையும் சத்தம், மேலே பாட்டு. செயற்கை அறிவு உதவியாளர்கள் பாட்டுப் போடுவதற்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தார்கள். உதவியாளர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அதற்குக் கை கிடையாது அல்லவா? தேடு, போடு, நிறுத்து, சத்தத்தை மாற்று என்று நாலு கைகளை இந்தக் கருவி கொடுத்தது. எந்தக் கையை எப்போது நீட்டுவது என்பதற்கு ஒரு விளக்கம் வேண்டும். அதை எழுதுவதுதான் அக்காவின் வேலை.

முதல் நாள் புரோகிராமர் விஷயத்தைச் சொன்னான். காதிலிருந்து எதையும் கழற்றாததால் அவனுக்கு ஹெட்போன் என்றே பெயர்.

"நீங்க எழுதறத அது ஒரு வரி விடாம படிக்கும்க்கா."

"எல்லா வரியுமா? கீழ சின்ன எழுத்துல இருக்கறதுமா?"

"அதுக்குச் சின்ன எழுத்து பெரிய எழுத்தெல்லாம் தெரியாதுக்கா."

அக்காவுக்குப் பத்தொன்பது வருடம் கழித்து ஒரு வாசகர்!

அக்காவின் அண்ணன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. வெறுமனே நடக்கச் சொன்னால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டின் தாளத்துக்கு நடக்கச் சொன்னால் எழுந்து வரும். பிசியோதெரபி நிலையத்தில் இதைக் கண்டுபிடித்தது பிசியோதெரபிஸ்ட் அம்மாதான். ஆனால் அவர் ஒருவர், நோயாளிகள் பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு நிற்க முடியுமா? வாரத்துக்கு இரண்டு முறை, கால் மணி நேரம்தான் அண்ணனுக்குக் கிடைத்தது. அக்கா விடவில்லை. பேசிப் பேசியே உதவியாளரும் கருவியும் உள்ளேயே இருக்கும் தன் கம்பெனியின் ஸ்பீக்கரை அங்கே வைக்கச் சம்மதம் வாங்கினார். நோயாளியே "பாட்டு போடு" என்று சொல்லிவிட்டுத் தினமும் நடக்கலாம்.

திங்கட்கிழமை சோதனை. பாட்டு தொடங்கியது. அண்ணன் இடது காலை எடுத்து வைத்தார். பாட்டு மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடி இடது கால். மறுபடி முதல். ஒன்பதாவது முறை அவர் தடுமாற, பிசியோதெரபிஸ்ட் தாவிப் பிடித்தார்.

"பாப்பா, வண்டி ஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு, நகர மாட்டேங்குதே!" என்று அண்ணன் மூச்சு வாங்கச் சிரித்தார்.

பிசியோதெரபிஸ்ட் சிரிக்கவில்லை. "விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படித்தான்னா ஸ்பீக்கரக் கழட்டிட்டுப் போயிடுங்க."

அலுவலகத்தில் கருவியின் பதிவேட்டைத் திறந்தார்கள். மூணு நொடிக்கொரு தரம் 'போடு', 'போடு' என்று உதவியாளர் போட்டுத் தள்ளியிருந்தது. "இதுக்கு மூளை குழம்பிடுச்சு" என்றான் ஹெட்போன். அக்கா திரையில் விளக்கத்துக்கு அடியில் தான் எழுதிய அடிக்குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். 'போட்ட பாட்டு உண்மையிலேயே ஓடுகிறதா என்று கட்டாயம் உறுதி செய்துகொள்ளவும்.'

எதை வைத்து உறுதி செய்யும்? இருப்பதே நாலு கை. பார்ப்பதற்கென்று எதுவும் இல்லை. உறுதி செய்யச் சொன்னார்களே என்று, தனக்குத் தெரிந்த ஒரே வழியில், மறுபடி மறுபடி போட்டிருக்கிறது. அக்காவுக்குப் பொட்டில் அடித்தாற்போல் உறைத்தது. கிடைக்காமல் கிடைத்த வாசகர் அக்கா சொன்னதை அப்படியே செய்தார்; அண்ணன் விழப் பார்த்தார். மாடிப்படியில் போய் உட்கார்ந்து, பல் வலிக்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.

"அந்த வரியத் தூக்கிடுங்கக்கா, வேலை முடிஞ்சுது" என்றான் ஹெட்போன். தூக்கிப் பார்த்தார்கள். பாட்டு திரும்பத் திரும்பத் தொடங்கவில்லைதான். ஆனால் பாட்டு வருகிற இணையத்தைச் சோதனைக்காகத் துண்டித்ததும், கம்மென்று கிடந்த அறையில் உதவியாளர் உற்சாகமாகச் சொன்னது: "பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது!"

"இத நம்பித்தான் எங்கண்ணன் கால எடுத்து வைக்கணுமா? ஓடுதா இல்லையான்னு பாக்க அதுக்கு இன்னொரு கை குடு."

"பாக்கறதுக்குக் கை எதுக்குக்கா? கண்ணுதான் வேணும்."

"அப்ப கண்ணக் குடு!"

முணுமுணுத்துக்கொண்டே அவன் செய்தான். வியாழக்கிழமை கண் தயாரானது. பாட்டைத் தொடாமல், ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். அதற்கான விளக்கத்தை அக்கா பதினோரு தரம் எழுதினார். ஒவ்வொரு தரமும் உதவியாளரிடம் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று பார்த்துத் திருத்தினார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'பாட்டு ஓட வேண்டிய நேரமெல்லாம் இதைக் கொண்டு சில நொடிக்கொரு முறை பார். ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்று உடனே சொல். அவர் நடந்துகொண்டிருக்கலாம்.'

"கடைசி வரி எதுக்குக்கா? அதுக்குக் கட்டளை போதுமே."

"காரணம் தெரிஞ்சா யாரா இருந்தாலும் கொஞ்சம் பொறுப்பா செய்வாங்க" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை. தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய கோடு ஜன்னல் வரை போயிற்று. பன்னிரண்டு காலடி. அண்ணன் பாட்டுக் கேட்டார், வந்தது. இடது, வலது, இடது. ஏழாவது அடியில் பாட்டு பட்டென்று நின்றது. இந்தத் தடவை யாரும் துண்டிக்கவில்லை. இணையம் தானாகவே போய்த் தொலைந்தது. பிசியோதெரபிஸ்ட் கையை நீட்டினார்.

"பாட்டு நின்றுவிட்டது" என்றது ஸ்பீக்கர். "இன்னும் வரவில்லை. அப்படியே நில்லுங்கள், வந்ததும் சொல்கிறேன்."

அண்ணன் நின்றார். இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்தன.

"பரவால்ல, உண்மையச் சொல்லுது" என்றார். இடது கையால் தொடையில் தட்டினார். கோணிய வாயால் அதே பாட்டை முனகத் தொடங்கினார். வலது கால் கொஞ்சம் யோசித்தது, பிறகு வந்தது. எட்டு. ஒன்பது. பத்து.

"பாட்டு மறுபடி கிடைக்கிறது. போடட்டுமா?"

"இரு, இரு" என்ற அண்ணன், மீதி இரண்டு அடியையும் வைத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "ஸ்டாப்பு வந்துடுச்சு."

பிசியோதெரபிஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஸ்பீக்கர் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணன் கையை நீட்டினார். "அதுக்கு என்னதான் எழுதிக் குடுத்த? காட்டு."

அக்கா பிரிண்ட் எடுத்து வைத்திருந்த தாளைக் கொடுத்தார். அண்ணன் வரிக்கு அடியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பாதியில் நிறுத்திவிடுவார் என்று அக்கா காத்திருந்தார். அவர் நிறுத்தவில்லை. விரல் கடைசி வரிக்கு வந்து அங்கேயே நின்றது.

"நடந்துகொண்டிருக்கலாம்னு எழுதியிருக்கியே, இது நான்தானா பாப்பா?"

"ஆமாண்ணா."

அண்ணன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சூடு பாத்திரத்துக்கு வேற ஏதாவது பாத்துக்கறேன்" என்றார்.