வேரோனிக்காவின் பேரி மரம்

மோர்னிங்சைட் வீதியில் பஸ் ஓட்டும் வேரோனிக்காவுக்குக் கண் இரண்டுதான். ஆனால் செப்ரெம்பர் பிறந்துவிட்டால் இரண்டும் இரண்டு வேலை பார்க்கும். ஒன்று வீதியில் இருக்கும். அதில் குறை சொல்ல ஒருவரும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு குப்பைத் தொட்டியைக்கூட அவள் இடித்ததில்லை. மற்றது வேலிகளுக்கு மேலே மேயும். காரில் போகிறவனுக்கு வேலி மட்டும்தான் தெரியும். பஸ்ஸின் உயரத்தில் இருக்கிறவளுக்கு வேலிக்கு அப்பால் உள்ளதெல்லாம் தெரியும். எந்த வளவில் கறுத்த திராட்சை கராஜ் கூரையில் ஏறிவிட்டது, எந்த வீட்டுத் தக்காளி பறிக்க ஆளில்லாமல் வெடிக்கிறது, எவருடைய பூசணி வேலியைத் தள்ளிச் சாய்க்கிறது என்று அவள் விரல் மடித்துச் சொல்லுவாள்.

மன்னாரில் பிறந்த பெண். ஸ்காபரோவுக்கு வந்த புதிதில் கோப்பிக் கடையொன்றில் விடியற்புற வேலை. அந்த வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு சாரதி தேரில் இருப்பதுபோல இருந்து ஓட்டியதைப் பார்த்துத்தான் இந்த ஆசை பிடித்தது என்பாள். அந்தத் தேரில் இப்போது அவளே இருக்கிறாள். சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல். அதில் உப்பும் இடித்த மிளகாயும். தரிப்பிடத்தில் பஸ் ஓய்வெடுக்கும் நேரம் ஒரு புளிப்பு அப்பிளைக் கீறி அந்த உப்பைத் தடவுவாள். முன்சீற்றில் இருப்பவர்களுக்கு வாயூறி, இறங்க வேண்டிய இடத்தைத் தவற விட்ட கதைகள் பல உண்டு. ஒருமுறை அவள் முழு அப்பிளையும் கடித்து முடிக்கும்வரை ஒரு பஸ் நிறைந்த சனம் மூச்சு விடவில்லை என்றும், கண்ணாடிகளில் அதனால்தான் ஆவி படியவில்லை என்றும் சொல்கிறார்கள்.

லீவு நாளில் ஒஷாவாவுக்கு அப்பால் உள்ள தோட்டங்களுக்குப் போவாள். ஒரு வருடம் அங்கிருந்து வாங்கி வந்த பூசணி பின்சீற்றை முழுதாகப் பிடித்துக்கொண்டது. உருளாமல் இருக்க பெல்ற் போட்டுவிட்டாள். பலர் சேர்ந்து பயணிக்கும் வாகனங்களுக்கென்று ஒதுக்கிய பாதையில் போகும்போது பொலிஸ்காரர் ஒருவர் மறித்து உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் இருப்பவர் கொஞ்சம் தடித்த மனிதர், ஆனால் ஒழுங்காகப் பெல்ற் போட்டிருக்கிறார் என்று திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனாராம். அந்தப் பூசணி பிறகு ஒரு கோயில் மண்டபம் நிறைந்த ஆட்களுக்குக் கறியாகி, மிச்சத்தில் அல்வாவும் ஆனது. அதை உண்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், சந்தேகமிருந்தால் கேட்கலாம்.

இப்படிப்பட்டவளைப் பல இலையுதிர் காலங்களாக ஏங்க வைத்தது ஒரு பேரி மரம்.

அது தியாகலிங்கத்தார் வீட்டு மரம். பஸ் தரிப்பிடத்துக்கு நேர் முன்னால், வேலியோரமாக நிற்கும். அவர் அந்த வீட்டை வாங்கும்போதே நின்ற மரம். மே மாதம் வெள்ளையாகப் பூக்கும். செப்ரெம்பர் முடிவில் கிளை வளையக் காய்க்கும். தியாகலிங்கத்தார் யாழ்ப்பாணத்து மனிதர். பழம் என்றால் மரத்திலேயே பழுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். தினமும் காலையில் சாறத்துக்கு மேலே குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, நாடி பார்க்கும் வைத்தியரைப்போல ஒவ்வொரு காயாகத் தொட்டு அமுக்கிப் பார்ப்பார். கல். மறுநாளும் கல். பிறகு ஒரு நாள் தோல் மஞ்சளாகும். ஆசையோடு வெட்டினால் நடுவில் அழுகல். மிச்சமெல்லாம் விழுந்து குளவிகளுக்கு விருந்தாகும்.

இந்த வருடம் அந்தக் குளவிகளில் ஒன்று அவருடைய மனைவி தவமணியின் மேலுதட்டில் குத்தியது. உதடு வீங்கிய வீக்கத்தில் இரண்டு நாள் கதைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் கதைக்க முடிந்ததும் அவர் சொன்ன முதல் சொல், "வெட்டு."

அந்தச் செய்தியை வேரோனிக்கா தரிப்பிடத்தில் வைத்துக் கேட்டாள். அன்றே வேலை முடிந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தவமணியக்கா, மரத்தை வெட்டப் போறியளாமே."

"ஓம். தாங்க்ஸ்கிவிங் லீவு முடிஞ்ச சனிக்கிழமை ஆக்கள் வருகினம். ஏன், உமக்கு விறகு வேணுமோ?"

"விறகு வேண்டாம். ஒரு நல்ல பழம் காட்டினால் விடுவியளோ?"

தவமணி வீங்கிய உதட்டால் சிரிக்கப் பார்த்தார். "இவர் பன்ரெண்டு வருசமாப் பாத்துக் களைச்சிட்டார். நீர் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தாப்போல பழுத்திடுமோ?"

தியாகலிங்கத்தார் கதிரையிலிருந்து எழும்பினார். "பிள்ளை கேக்குதெல்லே. ஒரு பை பிடுங்கிக்கொண்டு போகட்டுமன். எப்பிடியும் குப்பைக்குத்தானே போகுது."

"கொண்டு போகட்டும். ஆனால் சனிக்கிழமைக்குள்ள வாயில வைக்கக்கூடிய பழம் ஒண்டு வராட்டி மரம் விழும். பிறகு அழக் கூடாது."

வேரோனிக்கா ஒரு பை நிறையப் பிடுங்கினாள். எப்படிப் பழுக்க வைப்பது என்று அவளுக்கும் தெரியாது; அவளும் மரத்தில் பழுத்த பழம் தின்று வளர்ந்தவள்தான். தெரியாது என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் வழக்கமாக ஏறுகிறவர்களுக்கு இந்தக் கதை ஒரே நாளில் பரவிவிட்டது. ஏறும்போதே விசாரித்தார்கள். "அக்கா, பெயார்ஸ் பழுத்திட்டுதோ?" "உங்கட மரத்துக்கு எப்ப செத்தவீடு, எப்ப அந்தியேட்டி?"

முதலில் மாங்காயை வைப்பதுபோல நாலைந்தை அரிசிப் பைக்குள் புதைத்தாள். ஒரு வாரம் கழித்து எடுத்தால் காய்கள் சுருங்கிப்போய் இருந்தன, பழுக்கவில்லை. பிறகு மாங்காய்க் கறிபோலத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள். காயை வெட்டப்போய்க் கத்தி வளைந்தது. குக்கர் விசிலடித்த விசிலில் அடுத்த வளவு நாய் மூன்று முறை எழும்பி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. கடைசியில் வெந்தது. ஆனால் ருசியில்லை, பல்லுக்குள் மணல் நெறுநெறுத்தது.

கணவன் சீமோன் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"கறி எப்பிடி?" என்றாள்.

"தலைமன்னார்க் கடற்கரையில கவிண்டு விழுந்தவனுக்கு இது புதுச் சாப்பாடில்லை."

"சும்மா இருங்கோ. தியாகலிங்கண்ணைக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனான்."

"அந்தாள் என்ன பாவம் செய்தது?"

மிச்சப் பையை வேரோனிக்கா நிலவறையில் இருந்த குளிரறைக்குள் ஒரு மூலையில் தள்ளினாள். ஸ்காபரோவின் பழைய வீடுகளில் வாசற்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கும். ஒக்ரோபரில் அதற்குள் போனால் பல்லுக் கிடுகிடுக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் அங்கேதான் கிடக்கும். பையைத் தள்ளியவள் அதை மறந்தே போனாள். மரத்தை மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தத் தரிப்பிடத்தில் கதவு திறந்து மூடும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தாள். இலைகள் செம்பு நிறமாகிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் அடுத்த வருடம் வெறும் வானம்தான் இருக்கப் போகிறது.

ஒக்ரோபர் இரண்டாம் திங்களில் வரும் தாங்க்ஸ்கிவிங் அன்று தோட்டத்திலிருந்து புதுப் பூசணிகள் வந்தன. அவற்றை வைக்க இடம் வேண்டுமென்று சீமோன் குளிரறையை ஒதுக்கினான்.

"இஞ்சேரப்பா, உந்தக் கல்லுப் பையை எறியட்டே?"

"எறியுங்கோ," என்று மேலேயிருந்து குரல் வந்தது. அவள் பீற்றூட் அவித்துக்கொண்டிருந்தாள்.

சீமோன் நல்ல மனிதன். ஆனால் எறியச் சொன்ன எதையும் ஒரே தடவையில் எறிந்த வரலாறு அவனுக்கு இல்லை. பையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தான், பிறகு எறியலாம் என்று. அங்கே தரையில் ஹீற்றர் காற்று வரும் வாய் இருந்தது. அந்த வாரம்தான் அந்த வருடத்தில் முதன்முறை ஹீற்றரைப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பின்நேரம் வேலை முடிந்து வந்த வேரோனிக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் தேனும் ஏலமும் கலந்தது போல ஒரு வாசம். கடிதம் போட வந்த தபால்காரப் பெண் போகிற வழியை மறந்து படியில் நின்றுகொண்டிருந்தாள். வேரோனிக்கா, யாரோ மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதுபோல, நேரே கதவுக்குப் பின்னால் போய்ப் பையை அவிழ்த்தாள். காய்கள் பொன்னிறமாக இருந்தன. காம்படியை விரலால் தொட்டாள். மெத்தென்று உள்ளே போனது. ஒன்றைக் கடித்தாள். சாறு நாடியில் ஓடி, முழங்கையில் இறங்கி, சீருடைக் கைக்குள் போனது. துடைக்கத் தோன்றவில்லை. உப்பும் மிளகாயும் கேட்காத பழம் ஒன்றை அவள் வாழ்க்கையில் அன்றுதான் கண்டாள்.

அந்தக் காய்க்கு முதலில் குளிரும் பிறகு சூடும் வேண்டியிருந்திருக்கிறது. மரத்தில் விட்டால் அது எந்தக் காலத்திலும் பழுக்காது.

உடனே தவமணிக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, பழுத்திட்டுது."

"பிள்ளை, உம்மட கறி திண்டு இவருக்கு மூண்டு நாள் வயித்தாலை போனது. இனி எனக்குப் பழமும் வேண்டாம், கறியும் வேண்டாம். நாளைக்குக் காலமை ஆக்கள் வருகினம்." போன் வைக்கப்பட்டது. பிறகு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை வேரோனிக்காவுக்குக் காலை வேலை. மிகப் பழுத்த மூன்றைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். முதல் ஓட்டத்தில் அந்த வீடு இருட்டாகக் கிடந்தது. அடுத்த தடவை அந்தத் தரிப்பிடத்துக்கு வந்தபோது, ஆளைத் தூக்கும் தொட்டி பூட்டிய பெரிய லொறி வாசலில் நின்றது. மரம் வெட்டுகிற இரண்டு பேர் கயிறு எடுத்துக்கொண்டிருந்தார்கள். தியாகலிங்கத்தார் வீட்டுச் செருப்போடு வேலியோரம் நின்றார்.

வேரோனிக்கா பஸ் கதவைத் திறந்தாள். "அண்ணை, ஒருக்கா வாங்கோ."

"நான் எங்கையும் போகேல்லைப் பிள்ளை."

"ஏறுங்கோ எண்டுறன்."

பெரியவர் ஏறினார். அவள் துணியை அவிழ்த்து ஒரு பழத்தைக் கையில் வைத்தாள். "உங்கட மரத்தின்ர. கடியுங்கோ."

"இது கடையில வாங்கினதெல்லே?"

"மாதாவாணை உங்கட மரம்தான்."

அவர் பழத்தைப் பார்த்தார். அமுக்கினார். இத்தனை வருடம் கல்லை அமுக்கிப் பழகிய விரல் உள்ளே போனதும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். அதற்குள் ஏறவேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள், முன்னால் விளக்குப் பச்சையாகிவிட்டது, பின்னால் இன்னொரு பஸ் வந்து நின்றது. பஸ் என்பது ஒரு பழத்துக்காகக் காத்து நிற்கிற சாமான் அல்ல. வேரோனிக்கா கதவை மூடி எடுத்துவிட்டாள். தியாகலிங்கத்தார் சாறத்தோடும் செருப்போடும், ஒரு கையில் கம்பியும் மறு கையில் பழமுமாகப் பயணம் போனார். போகிற வழியில் கடித்தார்.

பஸ் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. ஒரு கடி. இன்னொரு கடி. விதையையும் காம்பையும் தவிர எல்லாம் போனது. அந்த நேரத்தில்தான் பின்னால் தூரத்தில் மரம் அரியும் இயந்திரம் உறுமிய சத்தம் கேட்டது.

"பிள்ளை," என்றார், "நிப்பாட்டு."

"அடுத்த தரிப்பிலதான் அண்ணை ஏலும்."

கதவு திறந்ததும் அந்த எழுபத்தைந்து வயது மனிதர் இறங்கி ஓடினார். சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு சைக்கிள்காரன் பின்தங்கிப் போனான் என்று பஸ்ஸின் பின்சீற்றில் இருந்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். வேரோனிக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் வீதி இருந்தது. ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஏற்றி, தள்ளுவண்டியோடு வந்த தாய்க்குப் படியைத் தாழ்த்திக் கொடுத்து, கடைசித் தரிப்பிடம் மட்டும் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமான மோர்னிங்சைட் வீதியை அவள் அதற்கு முன் ஓட்டியதில்லை. திரும்பி வருகையில் பயணிகள் எல்லோரும் மரம் நிற்கும் பக்கத்தையே எட்டிப் பார்த்தார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் காதுக்குள் சொல்லிவிட்டிருந்தார்கள்.

வளைவு தாண்டியதும் முதலில் தெரிந்தது லொறியின் தொட்டி. அது மரத்தின் உச்சிக்கு உயர்த்தப்பட்டிருந்தது. மஞ்சள் தொப்பி போட்டவன் அதற்குள் நின்று குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். வேரோனிக்கா வேகத்தைக் குறைத்தாள்.

பஸ் கிட்டப் போனதும் அவன் கையில் வாளியைக் கண்டாள். மரம் அரியும் இயந்திரம் லொறியில் கிடந்தது. அவன், கீழே நின்றால் எட்டாத கிளைகளிலிருந்து காய்களை ஒவ்வொன்றாகப் பறித்து வாளிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். மற்றவன் கீழே நின்று, கயிற்றில் இறங்கிவந்த நிறைந்த வாளியை வாங்கினான். தவமணி தலையிலிருந்து மூக்குவரை சால்வையைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, அவர்களுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். தியாகலிங்கத்தார் படியில் இருந்து மூச்சு வாங்கினார்.

வேரோனிக்கா எதிர்ப்பக்கத் தரிப்பில் நிறுத்திக் கதவைத் திறந்தாள். தவமணி விளக்குச் சந்தியில் வீதியைக் கடந்து, ஒரு சின்ன வாளியோடு வந்தார்.

"அக்கா, வெட்டேல்லையோ?"

"வந்த ஆக்களுக்குக் காசு குடுக்கத்தானே வேணும். சும்மா அனுப்பேலுமே? ஆளைத் தூக்கிற தொட்டியும் இருக்கு, பிடுங்கட்டும் எண்டன்." சால்வையைக் கொஞ்சம் இறக்கினார். "இவர் எனக்கு ஒரு கடி மிச்சம் வைக்கேல்லை. உம்மட்டை இன்னும் இருக்கோ?"

வேரோனிக்கா இரண்டாவது பழத்தைக் கொடுத்தாள். தவமணி குளவி குத்தாத உதட்டுப் பக்கமாகக் கவனமாகக் கடித்தார். பிறகு மற்றப் பக்கத்தாலும் கடித்தார்.

"எத்தினை நாள் குளிருக்குள்ள வைக்கோணும்?"

"எனக்கெங்க தெரியும் அக்கா. சீமோனைத்தான் கேக்கோணும். அவர்தான் எறிய மறந்த ஆள்."

"அப்ப அவரைப் பின்நேரம் வரச் சொல்லும். மிச்சத்தை அவர்தான் பழுக்க வைக்கோணும்," என்றுவிட்டுத் தவமணி வாளியைப் பஸ்ஸுக்குள் நீட்டினார். "உதுகளை இந்தச் சனத்துக்கும் குடும். இப்ப கடியாதேங்கோ எண்டு சொல்லும்."

வாளி கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. கதவு மூடியது. வேரோனிக்கா கண்ணாடியைப் பார்த்து, பஸ் முழுவதுக்கும் கேட்கச் சொன்னாள், "ஒருத்தரும் கடியாதேங்கோ. முதல்ல குளிருக்குள்ள வைக்கோணும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பின்சீற்றில் ஒருவர் கடித்துவிட்டார். சத்தம் சாரதி இருக்கைவரை கேட்டது.