திரையில் அது காபிக் கிடங்கு

ஏற்காட்டை அப்படியே கணினிக்குள் இன்னொரு ஏற்காடாகக் கட்டியிருக்கிறார்களாம். டிஜிட்டல் ட்வின். அதில் மழை பெய்யவிட்டால் எங்கே மண் சரியும், எத்தனை பேரை மீட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். கடையைப் பூட்டிவிட்டு இன்று காலை நானும் பார்க்கப் போனேன்.

எவ்வளவு துல்லியம் என்று காட்ட, போன மழையில் பக்கத்து எஸ்டேட்டில் நடந்த சரிவையே திரையில் ஓட்டினார்கள். மண் அதே வழியில் இறங்கி ஒரு நீளமான கூரையை மூடியது. கீழே எழுத்து வந்தது: உயிரிழப்பு இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

பக்கத்தில் இருந்த செல்வி அக்கா எழுந்தார். அந்த எஸ்டேட்டில் காபி பறிப்பவர்.

“ஏனுங்க, அதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரு இருந்தாருங்களே.”

திரையை ஓட்டிக்கொண்டிருந்த பொறியாளர் பதிவைத் திறந்து பார்த்தார். “அது காபிக் கிடங்குன்னு பதிவாகியிருக்கும்மா. ட்ரோன் படத்துல ஒரே கூரையாத் தெரிஞ்சுது.”

“கூரை ஒண்ணுதானுங்க. லைன் ஊடுங்க அது. உள்ள வரிசையா எட்டுக் குடும்பம் இருந்தோமுங்க.”

பாவம், நல்ல மனிதர். உடனே ‘குடியிருப்பு’ என்று திருத்தினார். “இப்பப் பாருங்கம்மா” என்று மறுபடியும் ஓட்டிக் காட்டினார்.

மண் மறுபடியும் இறங்கியது.

“மாமா, வெளிய வந்துருங்க” என்றார் செல்வி அக்கா, திரையைப் பார்த்து.

உங்கள் ஊருக்கும் இது வருமாம். மேலேயிருந்து பார்த்து உங்கள் வீட்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அதுவரை நான் கை தட்டுவதாக இல்லை.