பைப்புக்குள் குடியேறிய கூட்டம்

ஆம்பூரில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் நான் லேப் கெமிஸ்ட். ரம்ஜான் விடுமுறை முடிந்து பம்பைப் போட்ட அன்று, புதிதாக மாற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் ஒழுகியது. மேனேஜர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வெல்டிங் சரியில்லை என்றார், வெல்டர் பாயை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். அந்தப் பெயரோடு போனால் பேரணாம்பட்டு வரைக்கும் எந்த ஃபேக்டரியிலும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒழுகிய துண்டை அறுத்து, நீளவாக்கில் பிளக்க வைத்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக, வழவழவென்று ஒரு பூச்சு. விடுமுறையில் வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற தண்ணீரில் பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்கள் மேல் தாங்களே பசையைப் போர்த்திக்கொண்டிருந்தன. காற்று புகாத அந்தப் பசைக்கு அடியில் சில வகைகள் தண்ணீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக்கும். அது ஸ்டீலின் காப்புப் படலத்தைக் கெடுக்கும், அங்கே குழி விழும். வேறு ஊராக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வந்ததுமே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆம்பூரில் அந்த நாற்றம் எங்கள் சட்டையிலேயே இருக்கிறது.

விடுமுறைக்கு முன் பைப்பை வடித்துவிடலாம் என்று நான் கேட்டபோது, திரும்ப நிரப்ப நேரமாகும் என்று தடுத்தவர் இதே மேனேஜர். இப்போது நான் இதைச் சொன்னதும், பழி தன் தலையில் விழும் என்று பயந்து, கிருமி போய் ஸ்டீலைத் தின்னுமா என்று சிரித்தார். பாய் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"உடும்மா, உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு."

நான் விடவில்லை. துண்டை மேனேஜரின் மேஜையில், டீ கிளாஸுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பஞ்சால் கறுப்பைத் துடைத்து, கீழே இருந்த குழியில் குண்டூசியை விட்டேன். மறுபக்கம் வந்தது. வெல்டிங் அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, கீறல்கூட இல்லாமல் இருந்தது.

அவர் கதவைச் சாத்தினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"வெல்டிங்னே இருக்கட்டும். உனக்கும் வேலை வேணும்ல?"

"வேணும் சார். பாய்க்கும் வேணும்."

நிலையத்தைச் சேர்ந்து நடத்தும் தொழிற்சாலை முதலாளிகள் பக்கத்து அறையில் கூட்டம் போட்டிருந்தார்கள். துண்டைத் தூக்கிக்கொண்டு, கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போனேன்.

அன்று மாலை புதுத் துண்டை வைத்து வெல்டிங் அடித்தது பாய்தான். மேனேஜர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்கொன்றும் குறைந்துவிடவில்லை.