‘நியோ’வோடு நின்ற கால்

ஸ்கேன் சென்டரில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்ட் அக்கா. படத்தைப் பார்த்து டாக்டர் இங்கிலீஷில் பேசிப் பதிந்து வைப்பார். இவள் ஹெட்போனில் கேட்டு ரிப்போர்ட் அடிப்பாள். காலடியில் இருக்கும் பெடலை அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இவள் நிறுத்துவதே அபூர்வம். சொல்லின் தலை காதில் விழுந்தால் போதும், மீதியை விரல்களே அடித்துவிடும். ‘ஹெபடோ’ என்றால் கல்லீரல், ‘நெஃப்ரோ’ என்றால் சிறுநீரகம். எல்லாம் கிரேக்கச் சொற்கள், வைத்தியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவை என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அன்று ஓடியது அவள் வீட்டுக்காரரின் ரிப்போர்ட். பஸ் மெக்கானிக். கொஞ்ச நாளாக விடாத இருமல். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வலது நுரையீரலைப் பற்றி நிதானமாகச் சொல்லிவந்த டாக்டர், “நியோ” என்று ஆரம்பித்தார். அவள் கால் வெடுக்கென்று எழும்பிவிட்டது.

கிரேக்கத்தில் ‘நியோஸ்’ என்றால் புதியது. பச்சைக்குழந்தை வார்டின் ‘நியோநேட்டல்’ பலகையிலும் அதுதான் முன்னால் நிற்கும். அங்கே சரி, நுரையீரலில் என்ன ஐயா புதுசு? திரையைப் பார்த்தாள். பாழாய்ப்போன விரல்கள் ‘நியோபிளாசம்’ என்று முழுதாக அடித்து வைத்திருந்தன. புதிதாய் முளைத்த கட்டி. டாக்டர் சொல்லி முடிக்காததை இவளே எழுதிவிட்டாள்! அவசரமாக அழித்தாள். மறுபடி மிதிக்கக் கால் வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்காரரே வந்தார். “என்னம்மா, என் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள எனக்கு முழுசா நரைச்சிடும் போல.”

“பயமா இருக்குங்க. கால் அமுங்க மாட்டேங்குது.”

“இவ்ளோதானா? பஸ் பிரேக்கையே மிதிக்கிறவன் நான்.” ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தானே மிதித்தார்.

விரல்கள் அடித்த சொல்லேதான் வந்தது. சந்தேகமாக இருக்கிறது, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் முடித்தார். ஹெட்போன் இவள் காதில். அவருக்கு இவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

“சொல்லு.”

நோயாளியிடம் டைப்பிஸ்ட் வாய் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! “புதுசா ஒரு கட்டி இருக்குமோன்னு சந்தேகப்படுறாரு. சோதிச்சாதான் தெரியுமாம்.”

அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மடியில் கிடந்த அவள் கைகளை எடுத்து விசைப்பலகைமேல் வைத்தார்.

“அடி. வேற யாரும் இதை அடிக்க வேணாம். நீ அடி, நான் பக்கத்துலயே இருக்கேன்.”