நாற்காலி முதுகில் நான்கு விரல்கள்

நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த நான்கு விரல்களைச் சிவப்பில் வட்டமிட்டு, "இது யாரு கை சார்?" என்று கேட்டிருந்தார்கள். "தெரியவில்லை" என்று பதில் போட்டேன். எனக்குத் தெரியும். அது என் மனைவியின் அண்ணன் கை. புகைப்படத்தில் பாதியை வெட்டி அவரை வெளியே தள்ளியவனும் நான்தான்.

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றபின், பழைய சி.ஐ.டி. படங்களின் ரசிகர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தேன். பெரும்பாலும் மதுரைக்காரர்கள். படப்பிடிப்பு இடைவேளைகளில் எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பிடித்துப் பகிர்வதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. வில்லனின் பாதாள அறைச் சுவரை இரண்டு பேர் தலையில் தூக்கிப்போகும் படம், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு இட்லி தின்னும் உளவாளி, இப்படி. நானும் ஒன்று போட்டுப் பெயர் வாங்க ஆசைப்பட்டேன். மறைந்த என் மனைவி பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்த படம் நினைவுக்கு வந்தது. அதில் கதாநாயகர் உட்கார்ந்து காபி குடிக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பக்கமாக, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, அதே கோட்டு, அதே தொப்பியுடன், சொட்டச் சொட்ட நனைந்து வேறெங்கோ பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார் என் மச்சான். பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கும் காட்சியில் டூப் போட்டவர் அவர்.

கல்யாணமான நாள் முதல், மச்சானுக்குச் சென்னையில் கம்பெனி வேலை என்றுதான் நண்பர்களிடம் சொல்லிவந்தேன். அடிபட்டு விழுவதையே பிழைப்பாகக் கொண்டவரின் தங்கையைக் கட்டியவன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம். அவரோ கையில் கட்டோடு வந்தாலும், என் பிள்ளைகள் கேட்டால் கட்டிலிலிருந்து குப்புற விழுந்து காட்டுவார். எப்படி விழுந்தாலும் முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். "மூஞ்சி கேமராவுல தெரிஞ்சா அம்புட்டுதான், மறுக்கா குதிக்கணும்" என்பார். அந்த ஆற்றுக் காட்சிக்கு முன்பே, அப்படி ஒருமுறை மறுபடி குதித்ததில் சுண்டுவிரல் முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. ரசிகர்கள் வட்டமிட்ட நான்கில் அந்த விரலும் ஒன்று.

நான் வெட்டிய படம் பல குழுக்களைச் சுற்றி, சினிமாவை விட்டுவிட்டுச் சோழவந்தானில் இருந்த அவருடைய போனுக்கே போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"படம் நல்லாருக்கு மாப்ள. நாந்தான் கொஞ்சம் வெளிய நிக்கிறேன்" என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "டைரக்டரு என்னைய மறைச்சாரு, அதுக்குச் சம்பளம் குடுத்தாரு. நீங்க எதுக்கு மறைச்சீங்க?"



அன்றே முழுப் படத்தையும் போட்டு, பின்னால் நிற்பவர் என் மச்சான் என்றும், வெட்டியது நான்தான் என்றும், பொய் சொன்னேன் என்றும் எழுதினேன். ஒருவரும் நம்பவில்லை. வெட்டிய படமே எல்லோர் கையிலும் இருந்ததால், முழுப் படம்தான் அவர்களுக்குப் போலியாகத் தெரிந்தது. "மச்சானுக்காக எடிட் பண்ணிட்டீங்களா சார்?" என்றார் ஒருவர். மச்சான் அந்த ஆற்றில் குதித்ததற்கு இருந்த ஒரே சாட்சியையும் நான் கெடுத்துவிட்டிருந்தேன்.

அதனால் பீரோவில் இருந்த அசல் படத்தை எடுத்துக்கொண்டு, மதுரை காளவாசலிலிருந்து குழுவினர் மூவரோடு சோழவந்தானுக்குப் போனேன். அவர்கள் முன்னிலையில் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். "உக்காருங்க மாப்ள, மொதல்ல காபி குடிங்க" என்றார். நான் உட்கார்ந்ததும் எழுந்து என் பின்னால் வந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். மூவரும் அசல் படத்தையும் அந்தக் கோணல் சுண்டுவிரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எடிட் என்று சொன்னவர், "அண்ணே, அந்தக் குதியை நான் நூறு வாட்டி பாத்திருப்பேண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு படம் எடுக்கப் போனை உயர்த்தினார்கள். சட்டென்று மச்சானின் முகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. "இங்கிட்டுப் பாருங்கண்ணே!" என்று கெஞ்சினார்கள். "பாக்கத்தான் நெனைக்கிறேன் தம்பி, கழுத்து கேக்க மாட்டேங்குது" என்றார். எத்தனை தடவை எடுத்தும் அப்படித்தான் வந்தது.

அவற்றில் ஒன்றை அன்று மாலை குழுவில் போட்டேன். காபித் தம்ளரோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நிற்பவரின் முகம் தெரியவில்லை. நாற்காலி முதுகில் நான்கு விரல்கள். யாரும் கேட்கும் முன்பே கீழே எழுதினேன்: என் மச்சான்.