மூன்று மணிக்குச் சாத்த வேண்டிய கதவு

பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. முப்பது வருடமாகக் கண்ணைப் பார்த்தே கள்ளத்தைப் பிடித்தவர். தூங்குவதுபோல் நடிக்கிறவனெல்லாம் அவரிடம் தப்பியதே இல்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் நுழைந்ததும், மனைவி ஸ்கேலோடு ஒரு நோட்டுப் புத்தகத்தை மடக்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினால் விடுவாரா?

"என்ன அது?"

"மளிகை லிஸ்டு."

மளிகை லிஸ்டுக்கு யாராவது ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார்களா? மறுநாள் குப்பைக்கூடையைக் கிளறினார். கிழிந்த துண்டு ஒன்று அகப்பட்டது: 'வந்ததும் கதவைச் சாத்த வேண்டும் (3).'

மூன்று மணி! யார் வந்ததும்? அரைநாள் லீவு போட்டுவிட்டு எதிர் இஸ்திரிக் கடையில் பதுங்கினார். மூன்று மணிக்கு ஒருவரும் வரவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு அவள்தான் வெளியே வந்தாள். மூன்று தெரு பின்தொடர்ந்தார். தபால் பெட்டியில் ஒரு கனத்த உறையைப் போட்டுவிட்டுத் திரும்பியவள் அசரவில்லை.

"இஸ்திரிக் கடையில வேர்த்துக் கொட்டியிருக்குமே?"

"யாருக்கு லெட்டர்? மூணு மணிக்கு யாரு வர்றா?" என்று துண்டை நீட்டினார்.

அவள் சிரித்து அடங்கச் சற்று நேரமாயிற்று. "மூணு மணி இல்லைங்க, மூணெழுத்து. புயல்!" பையிலிருந்து வாரப் பத்திரிகையைப் பிரித்துக் காட்டினாள். குறுக்கெழுத்துப் போட்டி. கடைசி மகளும் கல்யாணமாகிப் போனதிலிருந்து எண்பது போட்டி தயாரித்திருக்கிறாளாம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா, என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க."

"சரி, என்ன பிரயோஜனம்?"

"பாத்தீங்களா!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சமைச்சது மத்தியானமே தீந்துடுது. துவைச்சது மறுநாளே அழுக்காயிடுது. இதுதாங்க நான் செஞ்சதுன்னு நிக்குது. கண்ணு முழிக்கும்போதே ஒரு வார்த்தை எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

அவருக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. கட்டம் போடுவதற்கு இவ்வளவு பூரிப்பா?

அடுத்த வாரம் பேருந்தில் ஒரு நர்ஸ், வாயில் பேனாவும் மடியில் அந்தப் பத்திரிகையுமாக, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் கட்டத்தில் மூழ்கிப்போயிருந்தாள். அவர் அபராதம் எழுதவில்லை. மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் அதைச் சொன்னார்.

அவள் அவர் கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"நிஜமாவா? இல்ல, என்னைக் குளிர வைக்க அடிச்சு விடறீங்களா?"